ஹால் பெரிசா, கடல் பெரிசா?

போன மாதம் நண்பர் ஒருவரின் மகன் இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். சௌதாம்ப்டன் பக்கம் மென்பொருள் வேலை. மனைவிக்கும் அங்கேயே வேலை. வந்தவன் சாக்லேட் டப்பாவைக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து வழவழவென்று ஒரு புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தான். பாய்மரப் படகு விற்கும் கம்பெனியின் விளம்பரப் புத்தகம்.

"அங்கிள், ரெண்டு வருஷமா படகு ஓட்டக் கத்துக்கிட்டோம். அடுத்த வருஷம் வேலையை விட்டுட்டு நானும் அவளும் அட்லாண்டிக்கைத் தாண்டப் போறோம். இதுதான் படகு. 46 அடி. மூணு பெட்ரூம், ரெண்டு பாத்ரூம். ஹால்ல எட்டு பேர் உக்காந்து சாப்பிடலாம்."

"போறது எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்தான்."

"அப்ப மீதி ஆறு பேர் நடுக்கடல்ல எங்கேருந்து வருவாங்க?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனேன். சமையலறை மேடை, மரவேலைப்பாடு, எல்.ஈ.டி. விளக்கு, பியர் வைக்கும் ஃபிரிட்ஜ், குஷன் துணியில் பதினோரு நிறம். எல்லாம் இருந்தது. ஒரே ஒரு விஷயம் மட்டும் நாற்பது பக்கத்தில் எங்கும் இல்லை. இந்தப் படகு கவிழ்ந்தால் தானாக நிமிருமா?

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் கடலோடி இல்லை. என் கடல் அனுபவம் மெரினாவில் முழங்கால் நனைந்ததோடு சரி. ஆனால் விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிக்கும் விநோதப் பழக்கம் எனக்கு உண்டு. சிலர் துப்பறியும் நாவல் படிப்பது மாதிரி. அப்படிப் படித்ததில் தெரிந்த ஒன்றைத்தான் இந்த வாரம் சண்டைக்கு எடுத்திருக்கிறேன். சின்னப் படகில் பெருங்கடலைத் தாண்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இன்று படகைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது கடல் இல்லை, ஷோரூம். ஷோரூம் கேட்கும் கேள்வி ஒன்று, கடல் கேட்கும் கேள்வி வேறு.

'எனக்கெதற்கு இது? நான் என்ன படகா வாங்கப் போகிறேன்?' என்று அடுத்த பக்கத்துக்குத் தாவாதீர்கள். நம் பிள்ளைகள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கேரளப் பெண் தில்னாவும், கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார்கள். இரண்டே பேர். நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு புத்தகத்தை உங்கள் மடியில் வைக்கலாம். அப்போது, "பெரிசா, பத்திரமா இருக்கிறதையே வாங்கும்மா" என்று ஆசீர்வாதம் பண்ணுவீர்கள். 'பெரிசா' என்பதையும் 'பத்திரமா' என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறோமே, அங்கேதான் என் சண்டை.

* * *

பழைய கதை ஒன்று. 1968. இடைநில்லாமல், தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றவேண்டும் என்று ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை போட்டி வைத்தது. அதுவரை யாரும் செய்யாத காரியம். ஒன்பது பேர் கிளம்பினார்கள்.

அதில் ஒருவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். அவருடைய படகு 'சுஹைலி'. 32 அடி. கட்டியது எங்கே தெரியுமா? பம்பாயில். நம் ஊர்த் தச்சர்கள், நம் ஊர்த் தேக்கு. வடிவம் அப்போதே பழசு, 1920களில் வரைந்தது. குண்டு, கனம், மெதுவான நடை. போட்டிக்குப் பெரிய புதுப் படகு ஒன்று கட்ட வேண்டும் என்றுதான் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கும் ஆசை. பணம் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் கையிலிருந்ததில் கிளம்பினார்.

இன்னொருவர் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர், புத்திசாலி. 40 அடியில், மூன்று உடல் கொண்ட புத்தம்புதுப் படகைக் கட்டவைத்தார். வேகம் பறக்கும் என்று கணக்கு. கவிழ்ந்தால் என்ன செய்வது? அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தார். பாய்மர உச்சியில் காற்றுப்பை, அதை ஊதவைக்க ஒரு மின்னணு ஏற்பாடு. காகிதத்தில் பிரமாதம். போட்டி விதிப்படி கிளம்ப வேண்டிய கடைசி நாளான அக்டோபர் 31 அன்று அவர் புறப்பட்டபோது, அந்த ஏற்பாடு முழுசாக இணைக்கப்படவே இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுஹைலி ஒழுகியது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடுக்கடலில் தண்ணீருக்குள் குதித்து, மூழ்கி மூழ்கி அந்த விரிசலை அடைத்தார். ரேடியோ போனது. தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி உடைந்தது. தென்கடலில் ஓர் அலை படகைப் பக்கவாட்டில் சாய்த்துப்போட்டது. சுஹைலி எழுந்து நின்று, உதறிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மவுத் துறைமுகத்தில் நுழைந்தது. ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே.

க்ரோஹர்ஸ்ட்டின் படகு தென்கடலைத் தாங்காது என்பது சில வாரங்களிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினால் கடன், அவமானம். போனால் சாவு. அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய் நிலவரம் அனுப்பினார். 1969 ஜூலையில் ஆளில்லாத படகு மட்டும் கிடைத்தது. குறிப்பேடுகள் இருந்தன, அவர் இல்லை. வீட்டில் மனைவியும் நாலு பிள்ளைகளும். பரிசாகக் கிடைத்த 5,000 பவுண்டை நாக்ஸ்-ஜான்ஸ்டன் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கதையை மனநிலைப் பிறழ்வின் கதையாகச் சொல்வார்கள். சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள். எனக்கு இது முதலில் ஒரு தவறான படகின் கதை. 'கவிழ்ந்தால் நிமிருமா?' என்ற கேள்விக்கு ஒருவரிடம் தேக்கும் இரும்பும் பதிலாக இருந்தன. மற்றவரிடம் இணைக்காத ஒரு ஒயர்.

* * *

நிமிர்வது என்றால் என்ன? நம் தஞ்சாவூர் பொம்மையைப் பாருங்கள். எவ்வளவு தள்ளினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். காரணம் ரகசியமில்லை. கனமெல்லாம் அடியில். கடல் தாண்டும் படகும் அதேதான். படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஒரு பகுதி தொங்கும். கீல் என்பார்கள். அதில் ஈயமோ இரும்போ டன் கணக்கில். அலை உருட்டித் தலைகீழாகப் போட்டாலும் அந்தக் கனம் படகைச் சுழற்றி மறுபடி மேலே கொண்டுவரும்.

இப்போது ஒரு பலகையைத் தண்ணீரில் போடுங்கள். ஆடாது, அசையாது. திருப்பிப் போடுங்கள். அப்போதும் ஆடாது! அகலமான படகின் குணம் இது. துறைமுகத்தில் தம்ளர் காப்பி தளும்பாது. வாங்க வருபவர் ஏறி நின்று, "அடடா, என்ன ஸ்டெடி!" என்பார். அதே ஸ்டெடி, கவிழ்ந்த பிறகும் தொடரும். தலைகீழாக.

சும்மா சொல்லவில்லை. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் ஃபாஸ்ட்நெட் என்ற பந்தயம். 303 படகுகள். இரவில் புயல் பிடித்தது. 15 பந்தயக்காரர்கள் இறந்தார்கள். விசாரணையில் பதில் சொன்ன படகுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பக்கவாட்டில் படுத்ததோடு நிற்காமல் அதற்கும் மேலே உருண்டிருந்தது. ஆட்கள் கைவிட்ட படகுகள் 24. அதில் மூழ்கியது ஐந்துதான். பயந்து உயிர்காப்பு மிதவைக்குத் தாவியவர்களில் சிலர் செத்தார்கள். அவர்கள் விட்டுவிட்டு வந்த படகோ மறுநாள் காலை மிதந்துகொண்டிருந்தது.

அந்தப் பந்தயத்தில் மிகச் சிறிய படகுகளின் பிரிவு இருந்ததே, அதில் முடித்தது ஒன்றே ஒன்று. 'அஸென்ட்' என்று பெயர். கான்டெஸா 32 என்ற ரகம். ஒல்லி, தாழ்வு, ஆழமான கீல். சின்னது என்பதால் அது பிழைக்கவில்லை. சின்னவைதான் அன்று அதிகம் அடிவாங்கின. வடிவத்தால் பிழைத்தது.

அந்தப் புயலுக்குப் பிறகு, படகு வாங்குகிறவன் வீட்டிலேயே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு வந்தது. பேனாவை எடுங்கள். படகின் எடையைப் பவுண்டில் எழுதி 64ஆல் வகுக்கவும் (ஒரு கன அடிக் கடல்நீரின் எடை 64 பவுண்டு). வந்த எண்ணுக்குக் கனமூலம். படகின் அகலத்தை அடியில் எடுத்து, அதை இந்தக் கனமூலத்தால் வகுக்கவும். விடை 2க்குக் கீழே இருந்தால் கடலுக்குப் போகலாம். மேலே என்றால் யோசிக்கலாம்.

கான்டெஸா 32: அகலம் ஒன்பதரை அடி, எடை 9,500 பவுண்டு. விடை 1.79.

பையன் கொண்டுவந்த 46 அடிக்காரர்: அகலம் பதினாலே முக்கால் அடி, எடை 23,000 பவுண்டு. விடை 2.07.

நீளத்தில் 14 அடி கூடுதல், எடையில் இரண்டரை மடங்கு. அப்படியும் பரீட்சையில் ஒல்லிக்காரன் பாஸ், மூணு பெட்ரூம்காரர் இரண்டு மார்க்கில் ஃபெயில்!

இந்தக் கணக்கும் தெய்வவாக்கு இல்லை. கனம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஈயத்தைப் பாய்மர உச்சியில் கட்டித் தொங்கவிட்டாலும் இதே விடையைத்தான் கொடுக்கும். ஆகவே கணக்கோடு நிற்காமல், எத்தனை டிகிரி சாய்ந்தவரை தானாக நிமிரும் என்ற வளைகோட்டையும் கேட்டு வாங்க வேண்டும். 120 டிகிரிக்கு மேலே என்றால் நிம்மதி. அந்தக் கான்டெஸாவுக்கு 150ஐத் தாண்டும். வளைகோடு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விற்பவர் உங்களுக்குக் காப்பி வரவழைப்பார்.

* * *

அகலத்தை ஏன் இப்படி விரும்புகிறார்கள்? விற்பது படகு இல்லையே, சதுர அடி. நம் ஊர் அடுக்குமாடி வியாபாரிகள் 'சூப்பர் பில்ட்-அப் ஏரியா' என்று படிக்கட்டையும் லிஃப்ட்டையும் சேர்த்து விற்கிறார்களே, அதே வித்தைதான். கண்காட்சிக்கு வருகிறவர் படகில் நிற்பது கால் மணி நேரம். அந்தக் கால் மணியில் அவர் பார்ப்பது ஹால், கட்டில், குளியலறை. ஆகவே ஹாலுக்காகப் படகை அகலமாக்கினார்கள். கட்டிலுக்காகப் பின்புறத்தைப் பருக்கவைத்தார்கள்.

நடுக்கடலில் அந்த ஹால் என்ன ஆகும் தெரியுமா? படகு 30 டிகிரி சாய்ந்து ஓடும்போது, அகலமான ஹாலில் பிடித்துக்கொள்ள ஒன்றும் எட்டாது. இந்தப் பக்கம் கை விட்டால் அந்தப் பக்கச் சுவரில்தான் போய் மோத வேண்டும். விலா எலும்பு உடைந்தால், பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரி கிடையாது. அகலமான டபுள் காட்டில் உருளலாமே தவிரத் தூங்க முடியாது. கடலில் தூங்குவதற்கு வேண்டியது, சவப்பெட்டி மாதிரி ஒடுக்கமான, பக்கத்தில் துணித்தடுப்பு கட்டிய ஒரு படுக்கை. சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளம் பெரிதாக இருந்தால் பார்ட்டி வைக்கலாம்தான். பின்னாலிருந்து ஓர் அலை ஏறி அதை நிரப்பினால் டன் கணக்கில் தண்ணீர் பின்புறம் உட்கார்ந்துகொள்ளும். அது வடிவதற்குள் அடுத்த அலை வந்துவிடும்.

"ஆனா அங்கிள், இது 'ஏ' கேட்டகரி. ஐரோப்பிய யூனியன் சர்ட்டிஃபிகேட். ஓஷன்னே போட்டிருக்கான்!" என்றான் பையன்.

அப்படியா? அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்க்கலாம். 'ஏ' பிரிவு என்றால் காற்று 8-ஆம் எண் வேகத்தையும் அலை நாலு மீட்டரையும் தாண்டலாம் என்கிறது. சந்தோஷம். கூடவே ஒரு விலக்கு. புயல், சூறாவளி போன்ற அசாதாரண நிலைமைகள் இதில் சேராதாம்! மழைக்கு உத்தரவாதம் உண்டு, நனைந்தால் கிடையாது என்று குடை விற்கிற மாதிரி இருக்கிறது. நியாயமாகச் சொன்னால், எந்த அரசாங்கமும் சூறாவளிக்கு உத்தரவாதம் தர முடியாது. நான் திட்டுவது சட்டத்தை இல்லை. அந்த ஓர் எழுத்தைக் காட்டி, 'எங்கே வேண்டுமானாலும் போகலாம் சார்' என்று விற்கும் வாயை.

இன்னொன்று. அந்த எழுத்து, படகு புதிதாக வெளியே வந்தபோது வாங்கிய மார்க். பத்து வருஷம் கழித்து அடியில் போல்ட் எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது. 2014 மே மாதம் 'சீக்கி ரஃபீக்கி' என்ற 40 அடிப் படகு கரீபியன் தீவான ஆன்டிகுவாவிலிருந்து சௌதாம்ப்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வட அட்லாண்டிக்கில் அதன் கீல் கழன்று விழுந்தது. நாலு பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. தேடிப் போன கப்பல் கவிழ்ந்துகிடந்த உடலைத்தான் பார்த்தது. உயிர்காப்பு மிதவை எடுக்கப்படாமலே இருந்தது. அதற்கு அவகாசமே இல்லை. முன்பு தரைதட்டியதும், பிறகு செய்த பழுதுபார்ப்பும் கீல் பொருந்தியிருந்த இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. கீலை உடலோடு ஒன்றாக வார்த்துக் கட்டிய பழைய படகில் கழன்று விழுவதற்குத் தனியாக ஒரு துண்டு இல்லை. போல்ட் போட்ட கீல் எல்லாம் ஆபத்து என்று சொல்லவரவில்லை. ஆனால் யார் யார் அந்தப் படகைத் தரைதட்ட வைத்தார்கள் என்று தெரியாமல் அதில் ஏறக்கூடாது.

'சரி, கேட்டமரான் வாங்கலாமே? நம்ம தமிழ்ச் சொல்லாச்சே!' என்று சிலர் உற்சாகமாகிறீர்கள். சொல் நம்முடையதுதான், கட்டுமரம். பொருள் வேறு. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. கவிழ்ந்தால் மீனவர் அதைப் புரட்டிப்போட்டு மறுபடி ஏறிக்கொள்வார். இவர்கள் விற்பது இரண்டு உடலும் நடுவில் பால்கனியும் வைத்த பங்களா. சாதாரணமாகக் கவிழாது, அது உண்மை. தண்ணீர் புகுந்தாலும் பல ரகங்கள் மூழ்காமல் மிதக்கும், அதுவும் உண்மை. கவிழ்ந்துவிட்டால் ஒருநாளும் நிமிராது, இது மூன்றாவது உண்மை. விற்பவர் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்.

* * *

இப்போது என்னை மடக்க உங்களுக்கு ஒரு சந்தர்ப்பம்.

ஃபாஸ்ட்நெட்டுக்குப் பிறகு தொட்டியில் மாதிரிப் படகுகளை வைத்துச் சோதித்தார்கள். படகு நீளத்தில் 30 சதவீத உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தால் பல படகுகள் கவிழ்ந்தன. 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய எல்லாமே உருண்டன. அதாவது 32 அடிப் படகுக்கு 10 அடி அலை ஆபத்து. 46 அடிக்கு 14 அடி அலை வேண்டும். ஆக, பெரிசுதானே பத்திரம்? வேகமும் கூட. கேனரித் தீவிலிருந்து கரீபியனுக்குச் சுமார் 2,700 கடல் மைல். சின்னப் படகு மணிக்கு 5 மைல் போனால் 22 நாள். பெரிசு 7 மைல் போனால் 16 நாள். ஒரு வாரம் குறைவாகக் கடலில் இருப்பதே ஒரு பாதுகாப்பு.

அதோடு பழைய ரகமும் அடிவாங்கியிருக்கிறது. 2018-இல் அதே 1968 போட்டியைப் பழைய பாணிப் படகுகளோடு மறுபடி நடத்தினார்கள். நம் அபிலாஷ் டோமி சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டிய 'துரியா'வில் போனார். செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் படகு உருண்டது, பாய்மரம் முறிந்தது, அவர் முதுகெலும்பு உடைந்தது. மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. 2022 நவம்பரில் அடுத்த போட்டியில் ஃபின்லாந்துக்காரர் டாபியோ லெஹ்டினனின் 36 அடிப் பழைய படகு சில நிமிடங்களில் மூழ்கியே போனது. தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் தன் 36 அடிப் படகைத் திருப்பிக்கொண்டு போய் அவரைத் தூக்கினார்.

எல்லாம் சரி. ஒன்றையும் மறுக்கவில்லை. சின்னப் படகு கவிழாது என்று நான் சொன்னேனா? கடலில் 10 அடி அலையும் உண்டு, 14 அடி அலையும் உண்டு, 30 அடியும் உண்டு. எந்தப் படகும் என்றாவது உருளும் என்ற நினைப்போடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். உருண்ட பிறகு என்ன என்பதுதான் என் கேள்வி. துரியா உருண்டது. உருண்டு நிமிர்ந்ததால்தான் அபிலாஷ் உள்ளே மிதந்துகொண்டு மூன்று நாள் காத்திருக்க முடிந்தது. அதே மனிதர் உடம்பில் டைட்டேனியத்தைச் சுமந்துகொண்டு அடுத்த போட்டிக்குப் போனபோது எதைத் தேர்ந்தெடுத்தார்? 36 அடி, நீண்ட கீல், கனமான பழைய பாணி. 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். முதலாவது அந்த கிர்ஸ்டன்.

பெரிய படகின் கணக்கில் மறைக்கப்படும் இன்னொரு வரி, ஆள். 46 அடியின் பாய் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது. அதை இழுக்க மின்சார உருளை. நங்கூரம் தூக்க மின்சாரம். உப்புக்காற்றில் முதலில் சாவது மின்சாரம்தான். இரவு இரண்டு மணி, காற்று ஏறுகிறது, கணவனுக்குக் கை உடைந்திருக்கிறது. அந்தப் பாயைத் தன்னந்தனியாக அந்தப் பெண்ணால் இறக்க முடியுமா? முடிந்தால் அந்தப் படகு சரி. முடியாவிட்டால் அது அவர்களுக்குப் பெரிது. 'தாரிணி' 56 அடிதானே என்பீர்கள். அந்த இரண்டு பெண்களும் மூன்று வருஷம் அதற்காகவே பயிற்சி எடுத்தவர்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் படகைச் சரிபார்க்க ஒரு கடற்படையே நின்றது. இவனுக்கு யார் நிற்பார்கள்?

எவ்வளவு சின்னது போதும்? ஜப்பானின் கெனிச்சி ஹோரி 1962-இல் 19 அடிப் படகில் பசிபிக்கைத் தாண்டினார், 94 நாள். 2022-இல் 83 வயதில் இன்னொரு 19 அடிப் படகில் மறுபடி தாண்டினார். அதை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு பேர், 30 நாள், ஆளுக்குத் தினம் மூன்று நாலு லிட்டர் தண்ணீர் என்றாலே 200 லிட்டருக்கு மேல். அதற்கு மேல் சாப்பாடு, பாய், கருவி. இதைச் சுமந்தும் அமுங்காமல் போக 28 அடியிலிருந்து 36 அடி என்பது என் கட்சி.

பணம்? இந்த ரகங்களில் பல 1970, 80களில் கட்டியவை. இங்கிலாந்தில் பழைய கார் விலைக்குக்கூட வரும். அதைக் கேட்டு மயங்கவேண்டாம். வாங்கிய விலைக்குச் சமமாக இன்னொரு விலை, பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் முதல் சுக்கான் வரை மாற்றுவதற்கு. பழசு என்பதாலேயே நல்லது என்று வாங்குவதும் ஷோரூம் மயக்கத்தின் தம்பிதான். தனியாக முதன்முதலில் உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம், வயல் ஓரம் உளுத்துக் கிடந்த படகைத்தான் எடுத்தார். ஆனால் 13 மாதம் உட்கார்ந்து, பலகை பலகையாகத் தன் கையாலேயே மாற்றினார். செலவு 553 டாலர் 62 சென்ட். 1895-இல் கிளம்பி 1898-இல் திரும்பினார். அவருக்குத் தன் படகின் ஒவ்வொரு ஆணியும் தெரியும்.

* * *

பையன் கடைசியில் கொஞ்சம் கோபமாகவே கேட்டான்: "அப்ப என்னதான் பார்த்து வாங்கச் சொல்றீங்க?"

ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்தால் எத்தனை டிகிரி வரை நிமிரும்? கீல் எப்படிப் பொருந்தியிருக்கிறது, எத்தனை தடவை தரைதட்டியது? சுக்கானுக்கு முன்னால் தாங்கு உண்டா, அம்மணமாகத் தொங்குகிறதா? சாய்ந்த படகில் ஒரு கைப்பிடியிலிருந்து அடுத்த கைப்பிடி எட்டுமா? ஒருத்தர் மட்டும் எல்லாப் பாயையும் இறக்க முடியுமா? மின்சாரமே இல்லாமல் வீடு திரும்ப முடியுமா? ஆறு கேள்வி. குஷன் நிறம் ஏழாவது.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். விளம்பரப் புத்தகத்தை மறந்து இங்கேயே விட்டுப் போய்விட்டான், அல்லது வேண்டுமென்றே விட்டானோ தெரியவில்லை.

போன வாரம் இரவு போன். பேசியது அவன் மனைவி. "அங்கிள், அந்த ஷோரூமுக்கே திரும்பப் போனோம். நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"அஞ்சு வருஷமா விக்கிறாராம். இதுவரைக்கும் அதை யாருமே கேட்டதில்லையாம்."

நாளைக்கு அவர்கள் ஒரு பழைய 32 அடிப் படகைப் பார்க்கப் போகிறார்கள். வாங்குவார்களா, தெரியாது. ஆனால் அதில் ஹால் இல்லையாம். சொல்லும்போது அந்தப் பெண் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.